தீர்க்கதரிசிகளும் பழைய நியாயப்பிரமாணமும்

எபிரேயத் தீர்க்கதரிசிகளைச் சமூகப் புரட்சியாளராகக் காண்போர் ஒரு சாரார். பழைமை பேணிய சமயப் போதகராகக் காண்போர் மற்றொரு சாரார். இருசாரார் கருத்துகளும் ஒரே வினாவைச் சார்ந்து நிற்கின்றன. அவர்கள் எடுத்துரைத்த அறம் அவர்களே ஆக்கியதா, அன்றி முன்னரே நிலவிய சட்டத்தின் எதிரொலியா? நூல்களைக் கொண்டே இதற்கு விடை காண முயல்வோம்.

கி.மு. எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் எரொபெயாமின் ஆட்சியில், வட இசுரவேலின் செல்வர்கள் செழித்தனர், எளியோர் கடனாளிகளாயினர். இச்சூழலிலே ஆமோஸ், அடைமானமாகப் பெற்ற ஆடைகளைப் பலிபீடங்களருகே விரித்துச் சாய்ந்திருப்போரைச் சாடுகிறார். இது ஏன் குற்றமென அவர் விளக்கவில்லை. யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரமே அதற்கு விளக்கமாகிறது. ஏழையின் மேலாடையை ஈடாகப் பெற்றவன் பொழுது சாயுமுன் அதனைத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். இரவில் அவனுக்கு வேறு போர்வை இல்லை. கேட்போர் இவ்வழக்கத்தை அறிந்திருந்தமையாலேயே விளக்கமின்றியும் கண்டனம் பொருள்பட்டது எனலாம்.

இது ஏட்டளவில் நின்ற விடயமன்று. யவ்னே-யாம் அருகே 1960இல் கண்டெடுக்கப்பட்ட மட்கலவோட்டுச் சாசனத்திலே, கி.மு. ஏழாம் நூற்றாண்டின் அறுவடைத் தொழிலாளி ஒருவன் தன் ஆடை பறிக்கப்பட்டதை அதிகாரியிடம் முறையிடுகிறான். அவன் எச்சட்டத்தையும் பெயர்சுட்டிக் கூறவில்லை. ஆயினும் நீதி தன் பக்கமே என்பதில் அவனுக்கு ஐயமில்லை.

ஓசியாவின் முறை வேறு. கடவுள் தம் மக்கள்மீது வழக்குத் தொடுப்பதாக அவர் கூறுகிறார். அவர் அடுக்கும் குற்றங்களுட் கொலை, களவு, விபசாரம் ஆகிய மூன்றும் பத்துக் கட்டளைகளிற் காணும் அதே எபிரேய வினைச்சொற்களாற் குறிக்கப்படுகின்றன. உடன்படிக்கையை மீறுதலையும் பிரமாணத்தை மீறுதலையும் அவர் இணைத்தே பேசுகிறார்.

இவ்விடத்து ஒரு தடையை எதிர்கொள்ளல் வேண்டும். 1878இல் வெளிவந்த தமது ஆய்விலே யூலியஸ் வெல்ஹவுசன், மோசேயின் பெயரால் வழங்கும் விரிவான பிரமாணம் தீர்க்கதரிசிகளுக்குப் பிற்பட்டதென வாதித்தார். குருமார் சார்ந்த சட்டங்களைப் பொறுத்தவரை இவ்வாதம் வலிமையுடையதே. எனினும், யாத்திராகமத்தின் அடைமான விதியைக் கொண்ட சட்டத்தொகுதி மிகப் பழையதென்பதை அவரும் ஏற்றவரே. ஆகவே ‘சட்டமா, தீர்க்கதரிசனமா முந்தியது?’ என ஒட்டுமொத்தமாக வினவுதல் பொருந்தாது. எச்சட்டம், எத்தீர்க்கதரிசி என வகுத்து நோக்குதல் வேண்டும்.

எரேமியாவின் 34ஆம் அதிகாரம் இதனைத் தெளிவாக்கும். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டபோது, சிதேக்கியா அரசனும் பிரபுக்களும் எபிரேய அடிமைகளை விடுவிப்பதாக உடன்படிக்கை செய்தனர். எகிப்தியப் படை புறப்பட்டதும் முற்றுகை தளர்ந்தது. விடுவித்தோரை மீண்டும் அடிமைப்படுத்தினர். எரேமியா நினைவூட்டும் ஏழாமாண்டு விடுதலை உபாகமம் 15ஆம் அதிகாரத்தின் விதிக்கு மிக நெருங்கியது. ஆனால், அவர் விதியைத் திருப்பிக் கூறுவதோடு நிற்கவில்லை. நீங்கள் அடிமைகளுக்கு அளிக்காத விடுதலையைக் கடவுள் வாளுக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் அளிப்பார் என அச்சொல்லையே தண்டனையாக மாற்றுகிறார். எதிரொலி இங்கு தீர்ப்பாகிறது.

பழைமையின் பெயராற் பேசுவோர் யாவரும் பிற்போக்காளர் என்னும் எளிய முடிவு இங்கு செல்லாது. ஆள்வோர் தாமே புனிதமென ஒப்புக்கொண்ட சட்டத்தை அவர்களுக்கெதிராகத் திருப்பியமையே இக்கண்டனத்தின் வலிமை. அதன் எல்லையும் அதுவே. அச்சட்டம் அடைமானத்தையும் அடிமைமுறையையும் வரையறுத்ததேயன்றி ஒழிக்கவில்லை; தீர்க்கதரிசிகளும் அவ்வரம்பினைக் காக்குமாறே வற்புறுத்தினர். அவர்களைப் புரட்சியாளரென்று போற்றுவதினும், எழுதப்பட்ட நீதிக்கும் நடைமுறைக்கும் இடையிலான பிளவைப் பகிரங்கப்படுத்தியோர் என்று மதிப்பிடுவதே வரலாற்றுக்குப் பொருந்துவதாகும்.