வெளுத்து மீளும் ஊதா

ஜெயங்கொண்டத்துச் சித்திரை வெயிலில் காயும் சேலைக்குச் சாயம் போனால் போனதுதான். தயோனின் என்ற ஊதாச் சாயம் அப்படியல்ல. அமிலத்தில் இரும்பு உப்போடு கரைத்துப் பலத்த ஒளி காட்டினால், இரும்பிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து நிறமற்றுப் போகும். விளக்கை அணைத்தால் அதைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஊதாவாகும். அலுக்காத வேடிக்கை.

இந்தச் சாயத்தைப் பாலிமர் சங்கிலியில் பிணைத்து, மின்முனைமேல் படலமாகப் பூசி, ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள் பேராசிரியர் ப. நடராஜனும் தமிழரசனும். 'நேச்சர்' இதழில் 1981-இல் அது வெளியானது.

பிணைத்த பிறகும் சாயத்தின் குணம் மாறாமல் இருக்கிறதா? 600 நானோமீட்டரை ஒட்டிய அதன் உட்கவர் முகடு நகர்ந்திருக்கிறதா என்று நிறமாலைமானியில் பார்ப்பார்கள். படலம் தடித்தால் எலக்ட்ரான் கடப்பது சிரமம். மெலிந்தால் ஒளி பிடிபடாது. நடுவே பிடிப்பதுதான் கைப்பக்குவம்.

நடராஜனுக்கு 1984-இல் பட்நாகர் விருது கிடைத்தது.