'குளோஸ்': அண்மையும் அடைப்பும்

ஆங்கிலத்தில் அண்மையை உணர்த்தும் சொற்களுள் 'குளோஸ்' என்பது பெருவழக்கினது. நெருங்கிய நண்பன், கடும்போட்டி நிலவிய தேர்தல், கூர்ந்த கவனிப்பு ஆகிய யாவற்றுக்கும் அதுவே அடையாக வருகின்றது. அதே சொல் புழுக்கமான காற்றையும், உலோபியின் இறுகிய கையையும், மனந்திறவாத மனிதனின் இயல்பையும் குறிக்கின்றது. இவ்விரு பொருள்களும் ஒரு சொல்லில் இணைந்தமை இலக்கியத் திறனாய்வின் அடிப்படைப் பிரச்சினை ஒன்றுக்கும் நம்மை இட்டுச் செல்வதாகும்.

'நியர்' என்பது செர்மானிய வழிவந்த சொல். தூரத்தின் குறைவையே முதன்மையாகக் குறிப்பது. 'குளோஸ்', மூடுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. மூடியது என்பதே அதன் முற்பட்ட பொருள். மூடியவற்றினிடையே இடைவெளி இல்லையாதலின் அண்மைப் பொருள் பின்னர்க் கிளைத்தது. பெயர்ச்சொல்லாக அது வேலியடைத்த காணியையும் குறிக்கும். பொதுநிலங்களைத் தனியுடைமையாக்கிய 'என்குளோஷர்' என்னும் நில அடைப்பின் பெயரும் இவ்வேரினதே. உழவரை நிலத்தினின்று பிரித்துக் கூலியுழைப்பாளராக்கிய நிகழ்வுப்போக்கின் ஒரு கூறாக அதனை மார்க்ஸ் 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் தொகுதியில் விளக்கினார்.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல் 'குளோஸ் றீடிங்' எனத் திறனாய்வுக் கலைச்சொல்லின் பகுதியாயிற்று. ஐ. ஏ. றிச்சட்ஸ், ஆசிரியர் பெயரும் காலமும் நீக்கிய கவிதைகளைக் கேம்பிரிட்ஜ் மாணவரிடம் கொடுத்துப் பெற்ற குறிப்புகளை ஆராய்ந்து 1929இல் நூலாக்கினார். பெயரின் செல்வாக்கிலிருந்து வாசகனை விடுவித்தமை அச்சோதனையின் பயன். அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆயின் அமெரிக்க நவதிறனாய்வாளரிடம் இம்முறை கோட்பாடாக இறுகியது. கவிதை தன்னளவில் நிறைவுற்ற பொருளெனக் கொள்ளப்பட்டது, அண்மை அடைப்பாயிற்று.

நில அடைப்பையே பாடிய ஜோன் கிளயரை எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்த ஹெல்ப்ஸ்ரன் கிராமத்து நிலங்களை அடைப்பதற்கான சட்டம் 1809இல் நிறைவேறியது. அவ்வாண்டினை நீக்கிவிட்டால், வேலிகளையும் மறைந்த மேய்ச்சல்வெளிகளையும் பற்றிய அவரது துயரம் இளமைக்கால ஏக்கமாக மாத்திரமே தோன்றும். சட்டத்தை அறிந்தோர்க்கு, அது உடைமையிழந்த வர்க்கத்தின் குரலாகும்.

எனினும் ஆண்டினையும் வர்க்கத்தையும் அறிந்ததோடு திறனாய்வு முடிந்துவிடுவதில்லை. கிளயரின் வட்டார வழக்குகளையும் நிறுத்தக்குறி குறைந்த நடையையும் பதிப்பாளர் ஜோன் ரெய்லர் திருத்தினார். எந்தச் சொல் நிலைத்தது, எது மாற்றப்பட்டது எனச் சொல்தோறும் நோக்கும்போதே, உழைப்பாளியின் மொழிக்கும் நூல் வாங்கும் வர்க்கத்தின் சுவைக்கும் இடையிலான முரண்பாடு புலப்படும். படைப்பின் மொழியை நெருங்காது சமூகப் பின்னணியை மாத்திரம் ஒப்புவிக்கும் மார்க்சியத் திறனாய்வும் குறையுடையதே. நம்மிடையேயும் அக்குறை இல்லாமலில்லை.

தமிழில் 'நெருக்கம்' அண்மையைச் சுட்ட, அவ்வேரிற் பிறந்த 'நெருக்கடி' இடரைச் சுட்டுகின்றது. சொற்பிறப்பு ஒன்றே சொல்லின் இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை. ஆயினும் அது ஓர் எச்சரிக்கையாகலாம். படைப்பை நெருங்குவோம், அதனைச் சுற்றி வேலி அடையாதிருப்போம். சொல்லை உண்மையாக நெருங்குபவனுக்கு வரலாறு புறத்தேயிருந்து கொண்டுவரப்படவேண்டியதன்று. அது சொல்லினுள்ளேயே உறைந்திருப்பது.