தலைப்பிரட்டை ஆகாத தவளை

புவேர்ட்டோ ரிக்கோ தீவின் கோக்கித் தவளை தண்ணீரில் முட்டையிடுவதில்லை. சுருண்ட இலைகளுக்குள் இட்ட முட்டைகளை ஆண் தவளைதான் காக்கிறது. தன் உடலால் மூடி, ஈரம் வற்றாமல் பார்த்துக்கொள்கிறது. முட்டையின் குறுக்களவு சுமார் 3.5 மி.மீ. அதில் நிறைந்திருக்கும் மஞ்சள்கருவே கருவுக்கு ஏறத்தாழ மூன்று வார உணவு. தலைப்பிரட்டைக்குரிய கொம்புத்தாடை உருவாவதே இல்லை. கால் மொட்டுகளோ தொடக்கத்திலேயே தலைகாட்டிவிடுகின்றன.

வியக்கவைப்பது வால்தான். நீந்துவதற்கான உறுப்பு, இங்கே இரத்தக் குழாய்கள் பின்னிய மெல்லிய படலமாக விரிந்து கருவின் மூச்சுக்கு உதவுகிறது. பழைய உறுப்புக்குப் புதிய வேலை தரும் இந்த நேர்த்திக்கு ஈடு சொல்வது கடினம். பிறகு தைராய்டு சுரப்பு தூண்ட, வால் சுருங்குகிறது. மேலுதட்டிலுள்ள முட்டைப்பல்லால் உறையைக் கிழித்து, வயிற்றில் மிச்ச மஞ்சள்கருவோடு, நான்கு காலும் முழுமையாக அமைந்த குட்டித் தவளை வெளிவருகிறது.