மார்டள்ளியிலிருந்து எங்கே விண்ணப்பிப்பது?

பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கில் பி.இ. முடித்த பிள்ளை மேற்படிப்புக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று கேட்டால், ஊருக்கு ஊர் விடை மாற வேண்டும். சென்னையில் சொந்த வீடு உள்ள குடும்பத்துக்குப் பொருந்தும் யோசனை, காட்டோர மானாவாரி நிலத்தை நம்பியிருக்கும் குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிடக்கூடும். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் கன்சல்டன்சிகளுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. எல்லாருக்கும் ஒரே பட்டியல், ஒரே அமெரிக்க எம்.எஸ். அதனால்தான் மார்டள்ளி என்ற ஒரே ஊரை வைத்து இந்தக் கேள்வியை எடை போட்டுப் பார்க்கிறேன்.

மார்டள்ளி கர்நாடகத்தின் ஹனூர் வட்டத்தில், மாதேஸ்வரன் மலைக் காடுகளின் ஓரத்தில் இருக்கிறது. தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர். 1997 வரை மைசூர் மாவட்டம், அதன்பின் சாமராஜநகர். ஆனால் மறைமாவட்டம் இன்றும் மைசூர்தான். உயிருக்கு ஆபத்து என்றால் வண்டி கொள்ளேகால் வழியாக நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடி மைசூருக்குத்தான் போகிறது. பாலாறு தாண்டினால் தமிழ்நாடு. ஆனாலும் அங்கே இந்தப் பிள்ளைகள் வெளிமாநிலத்தவர், மாநில இடஒதுக்கீடு அவர்களுக்குக் கிடையாது. இப்படி இரண்டு பக்கமும் ஓரத்தில் நிற்கிற ஊருக்கு, மாநிலம் பார்க்காத மத்திய நிறுவனங்களின் வாசல் மற்றவர்களைவிட அதிகம் பயன்படும். அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் அமெரிக்கா. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன்ற தனியார் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணமே ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல். அரசுப் பல்கலைக்கழகங்களில் குறையும் என்றாலும், தங்கும் செலவையும் சேர்த்தால் மொத்தத்தில் ஐம்பது லட்ச ரூபாய்க்குக் கீழே வருவது அரிது. இந்த ஐம்பது லட்சத்தைப் பதினொரு சதவீத வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டும் ஆண்டுக்கு ஐந்தரை லட்சம், மாதத்துக்கு ஏறக்குறைய 46,000 ரூபாய். அசலில் ஒரு ரூபாய்கூட அதில் குறையாது. பொதுத்துறை வங்கிகள் பெரும்பாலும் ஏழரை லட்சம் வரைதான் சொத்து ஈடில்லாமல் கல்விக் கடன் தரும். அதற்கு மேல் பத்திரம் கேட்பார்கள். கைவசம் உள்ள சாகுபடி நிலத்துக்குத் தெளிவான பத்திரம் இல்லாத குடும்பம் தனியார் கடன் நிறுவனத்திடம்தான் போக வேண்டியிருக்கும். அங்கே வட்டி இன்னும் கூடும்.

கடனுக்கு ஈடாகக் கிடைப்பது என்ன? படிப்பு முடிந்து வேலை பார்க்க ஓராண்டு, பொறியியல் படித்தவர்களுக்கு நீட்டிப்பாக இன்னும் 24 மாதம், ஆக மூன்றாண்டு. அதற்குள் எச்-1பி வேலை விசாக் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவரைப் புதிதாக எச்-1பி-யில் எடுக்க நிறுவனம் ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அந்நாட்டு அரசு அறிவித்தது. அங்கேயே படித்து விசா மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று பிறகு விளக்கம் வந்தது. ஆனால் ஒருமுறை ஊர் திரும்பிவிட்டால் மறுபடி நுழையும் வழி குறுகிப்போகும். இந்தத் துறைக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க பயோமெடிக்கல் ஆய்வகங்கள் பெரும்பாலும் அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் ஓடுபவை. 2025-இல் அந்த நிதியில் கைவைக்கப்பட்டதும் சில பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட இடங்களைக் குறைத்தன. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற்ற இடங்களும் உண்டு. "போய்ச் சேர்ந்துவிட்டால் பேராசிரியரிடம் உதவியாளர் வேலை கிடைத்துவிடும்" என்று கன்சல்டன்சியில் சொல்வதை நம்பிக் கடன் வாங்குவது இப்போது சூதாட்டம்.

எம்.எஸ். வேறு, முழு நிதியுதவியோடு வரும் பிஎச்.டி. வேறு. பிஎச்.டி.யில் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் உண்டு, பி.இ. முடித்தவர் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் மறுக்கக் காரணமே இல்லை. கிடைப்பதுதான் கடினம். அந்த விண்ணப்பத்தின் உயிர் பரிந்துரைக் கடிதங்களிலும் ஆய்வு அனுபவத்திலும் இருக்கிறது. இணைவுக் கல்லூரிகள் பலவற்றில் இறுதியாண்டு புராஜெக்ட் 'புராஜெக்ட் சென்டரில்' காசு கொடுத்து வாங்கப்படுகிறது. பரிந்துரைக் கடிதத்தை மாணவரே எழுதி நீட்ட, ஆசிரியர் கையெழுத்துப் போடுகிறார். இப்படிப்பட்ட கடிதங்களை ஆண்டுதோறும் கட்டுக்கட்டாகப் படிக்கும் தேர்வுக்குழுவுக்கு அதன் மணம் தெரியாமலா இருக்கும்? குற்றம் மாணவருடையது மட்டும் அல்ல. ஆனால் விலை கொடுப்பது மாணவர்தான்.

ஜெர்மனியை எளிதில் தள்ள முடியாது. எர்லாங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மெடிக்கல் இன்ஜினியரிங் முதுகலை இருக்கிறது, மருத்துவக் கருவி நிறுவனமான சீமென்ஸ் ஹெல்தினியர்ஸுக்கும் அதே ஊரில் பெரிய மையம் உண்டு. பல மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலமும் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நம்மைப் போன்ற வெளிநாட்டவரிடம் வாங்குகின்றன. ஆனால் விசாவுக்கு முன்பே ஆண்டுச் செலவுக்கென்று 11,904 யூரோ, அதாவது பத்து லட்சத்துக்கு மேல், முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். சான்றிதழ்களுக்கு ஏ.பி.எஸ். சரிபார்ப்பும் தேவை. வேலைக்கு ஜெர்மன் மொழி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கல்லூரியில் ஆங்கிலம் என்று வளர்ந்த பிள்ளைக்கு நான்காவது மொழி பெரிய தடை அல்ல என்பது என் நம்பிக்கை. பணக் கணக்கில் அமெரிக்காவைவிட இது பலமடங்கு நேர்மையான வழி.

இதுவரை பார்த்தது பணக் கணக்கு. படிப்பின் உள்ளடக்கத்தை எடைபோட சுள்வாடிக்குப் போக வேண்டும்.

மார்டள்ளிக்கு அருகில் உள்ள சுள்வாடியில், 2018 டிசம்பர் 14 அன்று கிச்சுகுத்தி மாரம்மன் கோவில் பிரசாதத்தில் பூச்சிமருந்து கலந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டனர், 17 பேர் இறந்தனர். மோனோகுரோட்டோபாஸ் வகை நஞ்சு, நரம்புக்கும் தசைக்கும் இடையில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடும். வாயிலும் மூச்சுக்குழாயிலும் நீர் பெருகும். பிறகு மூச்சு இழுக்கும் தசைகள் ஓயும். அட்ரோபின் ஒரு பக்கம் ஏறிக்கொண்டிருக்க, நோயாளி நாட்கணக்கில் வென்டிலேட்டரில் கிடக்க வேண்டும். அப்படிப்பட்ட நோயாளிக்குப் போட்ட வென்டிலேட்டர் படும் பாட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். சுரப்பு நீர் வெளிமூச்சுப் பக்க வடிகட்டியை அடைக்கும். ஓட்டத்தை அளக்கும் சென்சார் ஈரமாகித் தவறான அளவு காட்டும். பல இயந்திரங்களில் ஆக்சிஜன் அளவைச் சொல்லும் சிறிய மின்கலம் ஓரிரு ஆண்டில் தானாகவே தீர்ந்துபோகும். மாற்றாவிட்டால் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். மாற்றத் தெரிந்தவர் இல்லாத மருத்துவமனையில், 'ரிப்பேர்' என்று தாள் ஒட்டி அந்த இயந்திரத்தை மூலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு சிறு பாகத்துக்காகப் பல லட்ச ரூபாய் இயந்திரம் முடங்கும்.

இது தனிக் குறை அல்ல. 2015-இல் மருத்துவக் கருவிப் பராமரிப்புத் திட்டத்துக்காக மத்திய அரசு கணக்கெடுத்தபோது, மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை கருவிகள் வேலை செய்யாமல் கிடந்தது தெரிந்தது. கொரோனா அலையின்போது, 2021 மே 2-3 தேதிகளில் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் 24 பேர் இறந்தார்கள். உயர் நீதிமன்றம் அமைத்த குழு அங்கே ஆக்சிஜன் தீர்ந்துபோனதை உறுதிப்படுத்தியது. அது கொள்முதலும் நிர்வாகமும் தவறிய கதை என்று சிலர் சொல்வார்கள். எவ்வளவு ஆக்சிஜன் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்கு வைத்து எச்சரிப்பதும் மருத்துவமனைப் பொறியாளரின் வேலையே என்பேன். இத்தனைக்கும் வென்டிலேட்டர் வடிவமைக்கும் திறமை பக்கத்திலேயே இருந்தது. 2020-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 30,000 வென்டிலேட்டர் செய்தபோது, அடிப்படை வடிவமைப்பைத் தந்தது மைசூரின் ஸ்கான்ரே நிறுவனம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஊரில் தேவை இருக்கிறது என்பதற்காக ஊர்ப்பிள்ளை அதற்கே வாழ்க்கையை எழுதிக்கொடுக்க வேண்டுமா? சென்னைப் பிள்ளையிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லையே? உண்மைதான், கேட்கக் கூடாது. என் வாதம் கடமையைப் பற்றியது அல்ல. இந்தப் பிள்ளையின் கையில் உள்ள அரிய சரக்கு எது என்பதைப் பற்றியது. கடைக்கோடி மருத்துவமனை எப்படி இயங்குகிறது, எங்கே தடுக்கி நிற்கிறது என்பது அவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். பாஸ்டனில் அதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் படிப்பில்தான் அது பலனாக மாறும்.

அத்தகைய படிப்பு நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக்., மாணவரை வகுப்பறையிலிருந்து வார்டுக்கு அழைத்துப் போகிறது. ஸ்ரீ சித்திரையில் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் உருவான இதய வால்வு மூன்று வடிவங்கள் தோற்று, நான்காவதில் வென்று, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அறுவை அரங்கும் ஆய்வகமும் ஒரே நிர்வாகத்தின் கீழ், ஒரே நகரில் இருந்ததால்தான் மூன்று தோல்விகளையும் தாங்க முடிந்தது. அந்த நெருக்கத்தைக் கட்டணக் கணக்கில் கொண்டுவர முடியாது.

இப்படிப்பட்ட எம்.டெக்.கில் சேர எழுத வேண்டிய கேட் தேர்வில் பயோமெடிக்கலுக்குத் தனித்தாள் 2020-இல் வந்தது. மின்சுற்று, சிக்னல் முதல் உடற்கூறு, பயோமெட்டீரியல் வரை அகலம் அதிகம், ஆழம் குறைவு. மருத்துவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தவரா என்பதை அது சோதிப்பதில்லை. எம்.டெக். உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய், பத்தாண்டுகளுக்கு மேலாக உயரவே இல்லை. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளைக்கு இது வலிக்கும் தொகை. படித்து முடித்தபின் மருத்துவமனைகள் தரும் தொடக்கச் சம்பளமும் பெருமைக்குரியதாக இல்லை. இந்தக் குறைகளை மறைத்துவிட்டு இந்திய வழியை உயர்த்திப் பேசுவது ஏமாற்று. இத்தனைக்கும் பிறகு அது கடனில்லாத வழி, மாநிலம் கேட்காத வழி, நோயாளிக்கு அருகில் இருக்கும் வழி. எடைத்தட்டு இந்தப் பக்கமே சாய்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: கேட் எழுதி கிளினிக்கல் இன்ஜினியரிங் அல்லது அதற்கு ஒப்பான மத்திய நிறுவனப் படிப்பு முதலில். முழு நிதியுதவி பிஎச்.டி. எந்த நாட்டில் கிடைத்தாலும் அதற்குச் சமம். பத்து லட்சத்தைக் கடனில்லாமல் காட்ட முடிந்தால் ஜெர்மனி இரண்டாவது. கடன் வாங்கிச் செய்யும் அமெரிக்க எம்.எஸ். மார்டள்ளி வீட்டுக்கு வேண்டாம்.

எங்கே விண்ணப்பித்தாலும் 'எஸ்.ஓ.பி.' என்ற நோக்க விளக்கக் கடிதம் எழுத வேண்டி வரலாம். கன்சல்டன்சியில் சுள்வாடியைச் சொல்லி உருக்கமாக எழுதச் சொல்வார்கள். அப்படி எழுதக் கூடாது. பதினேழு பேரின் சாவை இரக்கம் வாங்கும் சீட்டாக்குவது முதலில் அந்த மக்களுக்கு இழுக்கு. அதோடு, பொறியியல் தேர்வுக்குழு தேடுவது கேள்வியை. பூச்சிமருந்து நோயாளிகளில் வெளிமூச்சு வடிகட்டி எத்தனை மணி நேரத்தில் அடைக்கிறது, அதை முன்கூட்டி அறிய அழுத்த அளவீடு போதுமா என்று இரண்டு பத்தி எழுதிய விண்ணப்பம் கண்ணீர்க் கதைகளை முந்தும்.

அந்த இரண்டு பத்தியை எழுத வார்டில் கொஞ்ச காலம் நின்றிருக்க வேண்டும். கேட் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். இறுதியாண்டிலேயே எழுதிவிட்டு, அதில் ஓரிரண்டு ஆண்டு மைசூரில் ஒரு மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவிலோ கருவி நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவிலோ வேலை பார்த்துவிட்டு அதே மதிப்பெண்ணில் விண்ணப்பிக்கலாம். சம்பளம் குறைவாகவே இருக்கும், ஆனால் பரிந்துரைக் கடிதத்தை அப்போது உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர் தன் கையாலேயே எழுதுவார்.