பெத்தாவின் பேச்சும் பேரனின் பேச்சும்

மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து வரும் நமது சிறுகதைகள் பலவற்றில் எல்லோருக்கும் ஒரே வயதுதான். எழுபது வயதுப் பெத்தாவும் ‘மறுகா’ என்கிறாள். உயர்தரம் படிக்கும் பேரனும் ‘மறுகா’ என்கிறான். மண்வாசனை வந்துவிட்டதென்று கதாசிரியர் திருப்திப்பட்டுக்கொள்கிறார்.

காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஒரு வீட்டுத் திண்ணையில் காதுகொடுத்துப் பார்க்கட்டும். பெத்தா ‘ஒள்ளுப்பம் பொறு மனே’ என்பாள். பேரன் ‘கொஞ்சம் இருங்க’ என்பான். அறபுத்தமிழில் மாலை ஓதிப் பழகிய அவளுக்கு ‘நாயன்’ என்ற சொல் இயல்பாக வரும். அவன் வாயில் அது வராது, ‘ஜஸாகல்லாஹ்’ வரும்.

இதை மத்ரஸாக் கல்வியின் விளைவென்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. ‘மறுகா’, ‘ஒள்ளுப்பம்’, ‘கிறுகி’ எல்லாம் படுவான்கரைத் தமிழரோடு நமக்குப் பொதுவான சொற்கள். வயலிலும் சந்தையிலும் சேர்ந்து புழங்கியவை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்த படுகொலைகளுக்குப் பின் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் புழக்கம் எங்கே கிடைத்தது? அவனைப் பெத்தாவின் வாயால் பேசவைக்கும் கதை, நடந்த முறிவையே மறைத்துவிடுகிறது.

எஸ்.எல்.எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’ தொகுதியில் ஓட்டமாவடிப் பக்கத்துப் பேச்சை வாசித்து மயங்கியவர்கள் நம்மில் பலர். சொற்களை எடுத்துக்கொண்டோம். அவை யாருடைய வாயில் இருந்தன என்று பார்க்கவில்லை.