இருபது பாடல்களும் வேண்டும்

டிரைவ்-பை டிரக்கர்ஸ் இசைக்குழு 2001இல் சொந்தப் பொறுப்பில் வெளியிட்ட ‘சதர்ன் ராக் ஓபரா’ 2024இல் விரிவான மறுபதிப்பு கண்டது. அதே ஆண்டு அந்த ஆல்பத்தை மையமாக வைத்து ஒரு சுற்றுப்பயணத்தையும் குழு நடத்தியது. இரண்டு தட்டுகள், 20 பாடல்கள், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கன்ட்ரியிலும் ப்ளூஸிலும் வேர்விட்ட ராக் இசைக்கு இவ்வளவு இடம் தேவையா, பாதியை வெட்டியிருந்தால் கச்சிதமாக இருந்திருக்குமே என்று கேட்பது எளிது. வெட்டியிருந்தால் கச்சிதம் கிடைத்திருக்கும், உண்மை போயிருக்கும் என்பது என் கட்சி. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் பெருமையையும் இழிவையும் ஒன்றாக நிறுத்திப் பார்க்க முயலும் படைப்பு இது. இரண்டில் ஒன்றைக் குறைத்தாலும் மற்றது பொய்யாகிவிடும்.

குழுவின் இரு பாடலாசிரியர்களான பேட்டர்சன் ஹூடும் மைக் கூலியும் வடக்கு அலபாமாக்காரர்கள். ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரில் 1996இல் குழுவைத் தொடங்கினார்கள். தெற்கின் கதையைச் சொல்ல அவர்கள் எடுத்துக்கொண்ட கருவி லினர்ட் ஸ்கினர்ட் என்ற ராக் குழுவின் வாழ்வும் சாவும். பாடகர் நீல் யங் தெற்கின் நிறவெறியைச் சாடிப் பாடியதற்கு ஸ்கினர்ட் 1974இல் ‘ஸ்வீட் ஹோம் அலபாமா’ என்று பதில் பாடியது. அதோடு இரு தரப்பையும் பகைவர்களாகவே பலர் எழுதி வைத்துவிட்டார்கள். ‘ரானி அண்ட் நீல்’ பாடல் அந்தக் கணக்கைத் திருத்துகிறது. ஸ்கினர்டின் பாடகர் ரானி வான் ஸான்ட், தன் குழுவின் 1977 ஆல்ப அட்டையில் நீல் யங் பனியன் அணிந்து நிற்கிறார். பகைவனின் பெயரை யாரும் நெஞ்சில் போட்டுக்கொள்வதில்லை. இதைப் பாடும் தகுதி ஹூடுக்கு இன்னொரு வழியிலும் உண்டு. ‘ஸ்வீட் ஹோம் அலபாமா’ பெயர் சொல்லிப் புகழும் மசில் ஷோல்ஸ் என்ற அலபாமா ஊரின் வாத்தியக்காரர்களில் ஒருவர் அவருடைய தந்தை டேவிட் ஹூட். ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற கறுப்பினக் குழுவின் 1972ஆம் ஆண்டு வெற்றிப் பாடல் ‘ஐ’ல் டேக் யூ தேர்’ முழுவதையும் தாங்கி நிற்பது அவருடைய பேஸ் கிட்டார்தான். பிர்மிங்ஹாம் தேவாலயத்தில் 1963இல் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றதும், அந்த இசையைத் தந்ததும் ஒரே அலபாமா. இந்தப் பாடல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது.

முதல் தட்டின் உச்சம் ஜார்ஜ் வாலஸ் பற்றிய பகுதி. ‘தி த்ரீ கிரேட் அலபாமா ஐகான்ஸ்’ என்பதில் ஹூட் பாடுவதே இல்லை, பேசுகிறார். வான் ஸான்ட், அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் பேர் பிரையன்ட், ஆளுநர் வாலஸ் என்று மூவரை நிறுத்தி, வாலஸின் குற்றத்தை நிதானமாக எடை போடுகிறார். 1958 ஆளுநர் தேர்தலின் கட்சி வேட்பாளர் போட்டியில் வாலஸ் மிதவாதியாக நின்று தோற்றார். பிறகு இன ஒதுக்கலைக் கையிலெடுத்து 1962இல் வென்றார். 1982இல் மன்னிப்புக் கேட்டபடி கறுப்பின மக்களின் வாக்கையும் பெற்று மீண்டும் ஆளுநரானார். வெறியைக் காட்டிலும் பதவி ஆசைதான் அவரை இயக்கியது என்பது ஹூடின் கணிப்பு. அதைத் தணிப்பாக எடுத்துக்கொள்ள இடமே தருவதில்லை. அடுத்த பாடலில் சாத்தானே வாய் திறந்து, நரகத்தில் வாலஸுக்கான வரவேற்பைச் சொல்கிறான். வானொலிக்கு உதவாத அந்த நீண்ட பேச்சை நீக்கியிருந்தால் சாத்தான் பாடல் வெறும் திட்டு. உடனே கூலியின் ‘ஸிப் சிட்டி’ வருகிறது. வரலாறும் ஆளுநரும் மறைந்து, சிற்றூர்ச் சாலையில் வண்டி ஓட்டும் ஒரு பதின்வயதுப் பையனின் கசப்பு மட்டும் கேட்கிறது. ஹூட் விளக்கும் இடத்தில் கூலி சுருக்கமாகக் குத்துகிறார். இந்த இருவரில் ஒருவர் தனியாக இதைச் செய்திருக்க முடியாது.

இரட்டை ஆல்பத்தை டெஸ்ட் ஆட்டம்போல் இரண்டாம் இன்னிங்ஸில்தான் அளக்க வேண்டும். பெரும்பாலானவை அங்கேதான் சரிகின்றன. இது அங்கே வேகம் கூட்டுகிறது. 1977 அக்டோபர் 20 அன்று, தென் கரோலினாவின் கிரீன்வில்லிலிருந்து லூசியானாவின் பேட்டன் ரூஜுக்குப் பறந்த ஸ்கினர்ட் விமானம் எரிபொருள் தீர்ந்து மிசிசிப்பிக் காட்டில் விழுந்தது. வான் ஸான்ட் உள்பட ஆறு பேர் இறந்தார்கள். கடைசி மூன்று பாடல்கள் அந்தப் பயணம்தான். விமானத்தில் ஏறச் சொல்லி அதட்டும் கூலியின் பாடல் முதலில். பறப்பைச் சொல்லும் ஓட்டமான பாடல் அடுத்து. முடிவில் ‘ஏஞ்சல்ஸ் அண்ட் ஃப்யூஸலாஜ்’, எட்டு நிமிடம், நிதானமாக இறங்கும் கிட்டார்களோடு. முன்னால் கேட்ட அத்தனை ஆர்ப்பாட்டமும் அந்த மெதுவான இறக்கத்துக்குத் தேவைப்படுகிறது.

இப்படி ஒன்றைச் செய்ய எந்தப் பெரிய நிறுவனம் அன்று பணம் போட்டிருக்கும்? குழு தன் ரசிகர்களிடமே போனது. 15 சதவீத வட்டிக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்துப் பணம் திரட்டியது. பிர்மிங்ஹாமில் ஒரு சீருடைக் கடையின் மாடியில், குளிர்சாதனம் இல்லாத கடும் வெயில் காலத்தில் பதிவு நடந்தது. ஆல்பம் வெளியானது 2001 செப்டம்பர் 12. ‘மறு ஆண்டே லாஸ்ட் ஹைவே என்ற பெருநிறுவனக் கிளை இதை எடுத்து மறுவெளியீடு செய்ததே, பிறகென்ன சுயேச்சை?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நிறுவனம் எடுத்தது முடிந்த பொருளை. எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்ற முடிவுகள் எல்லாம் அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. குழுவின் அடுத்த ஆல்பம் 2003இல் நியூ வெஸ்ட் என்ற சிறு நிறுவனத்தில்தான் வந்தது.

இசை ஸ்கினர்டின் நகல் என்ற குற்றச்சாட்டு எனக்குப் பொருட்டாகப் படவில்லை. மூன்று கிட்டார் அமைப்பைத் தெரிந்தேதான் கடன் வாங்கியிருக்கிறார்கள். வலுவான மறுப்பு வேறு. கறுப்பின மக்களைப் பற்றி இவ்வளவு பேசும் ஆல்பத்தில் அவர்களின் குரல் கேட்பதில்லை. தெற்கின் குற்றத்தை வெள்ளை ஆண்களே விசாரித்துத் தீர்ப்பும் எழுதுகிறார்கள். இந்தக் குறை இருக்கிறது, நீளம் அதை ஈடுகட்டவும் இல்லை. தங்கள் வீட்டுக் குற்றத்தை வெளியாள் மீது தள்ளாமல் தாங்களே பெயர் சொல்லி எண்ணிக் காட்டுகிறார்கள் என்ற அளவில் அவர்களுடைய விசாரணை நேர்மையானது. கேட்கப் போகிறவர்கள் பாடல்களைப் பொறுக்காமல், வரிசையைக் கலைக்காமல், முதல் தட்டிலிருந்து தொடங்குங்கள்.