ஒருவரே பேசும் நாடகம்

தனிமொழி நாடகம் பார்க்கப் போகிறவர்களில் பலர் நடிகரின் குரல்வளத்தையும் ஞாபகசக்தியையும் வியந்துவிட்டு வீடு திரும்புகிறார்கள்; மேடையில் நிற்பவர் ஒருவரேயானாலும், அவருடைய பேச்சை இழுத்தும் தடுத்தும் ஆட்டிவைக்கிற இன்னொருவர் எங்கோ இருக்கிறார் என்பதையும், அவர் இன்னாரென்று கண்டுகொள்ளும்போதுதான் ரசனை தொடங்குகிறது என்பதையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வாரில்லை.

ருஷ்ய ஆசிரியர் ஆன்டன் செகாவ் 1886-ல் பெரும்பாலும் வேடிக்கையாகவே எழுதி, பலமுறை திருத்தி, 1902-ல் பழைய பெயரை வைத்துக்கொண்டு ஏறக்குறையப் புதிய நாடகமாகவே ஆக்கிவிட்ட 'புகையிலையின் தீமைகள்' என்ற சிறு படைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு சிற்றூர்ச் சங்க மண்டபத்தில், சங்கீதப் பள்ளியும் பெண்கள் விடுதியும் நடத்துகிற மனைவியின் ஆக்ஞைப்படி, நியூகின் என்பவர் பிரசங்கம் செய்ய வருகிறார். தாமே புகை பிடிப்பவர் அவர்! விஷயத்தைத் தொட்டு நாலு வாக்கியம் பேசுவதற்குள், விடுதிச் சமையலுக்கும், மனைவியின் சிக்கனத்துக்கும், தம் பெண்கள் ஆறு பேரா ஏழு பேரா என்ற தடுமாற்றத்துக்கும் பேச்சு தாவிவிடுகிறது. சபையோர் சிரிப்பார்கள், நீங்களும் சிரியுங்கள். ஆனால் எந்த வார்த்தையில் இடறி அவர் புகையிலையை விட்டு விலகுகிறார், எந்த அச்சம் அவரை அவசரமாகத் திரும்ப இழுத்து வருகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே இருங்கள். விலகும் தூரம் வரவர அதிகமாகிறது. கடைசியில், எல்லாவற்றையும் உதறிவிட்டு ஓடி, எங்கோ ஒரு வயல்வெளியில் நிலாவின் கீழ் மரம்போல் நின்று மறந்துபோக வேண்டுமென்ற ஏக்கம் பீறிட்டு வர, 30 ஆண்டுகளுக்கு முன் கல்யாணத்தன்று அணிந்த அந்தப் பழைய கோட்டைக் கழற்றி எறிந்து காலால் மிதிக்கிறார். அதுவரையில் நாவு சுற்றிச் சுற்றி மறைத்துவந்த துயரத்தைக் கால்கள் சொல்லிவிடுகின்றன; இந்த நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறதென்பது என் துணிபு.

உடனே மேடையோரத்தில் மனைவி வந்து நிற்பதைக் காண்கிறார். கோட்டு மறுபடி உடம்பில் ஏறுகிறது. தாம் கண்ணியமாகவே நடந்துகொண்டதாக அவளிடம் சொல்லும்படி சபையோரைக் கெஞ்சிவிட்டு, புகையிலையின் விஷத்தைப் பற்றி மீண்டும் பேசுகிறார். அந்த அம்மாள் நாடகம் முழுவதிலும் வாய் திறப்பதே இல்லை.

இதைப் படிக்கவோ பார்க்கவோ வாய்த்தால், கோட்டு தரையில் கிடக்கும் அந்தச் சில விநாடிகளிலாவது, அன்பர்களே, சிரிப்பை நிறுத்தி அவர் முகத்தைப் பாருங்கள்.